மாத்தளைக் கலரி மிரண்டது என்பது பொய்

நான் ஓய்வு பெற்ற பிறகும் தியேட்டரில் இப்போது படம் காட்டும் மெஷின் ஓட்டுகிற இருவரும் ஏதாவது கோளாறு என்றால் வீட்டுக்கு வந்து கேட்டுவிட்டுப் போவார்கள். போன மாதம் வந்தபோது கோளாறு ஒன்றும் இல்லை. ஒரு சினிமாச் சஞ்சிகையை விரித்து என் முன் வைத்தார்கள்.

"காதர் நானா, இது உண்மையா? நீங்க அப்ப மெஷின்ல இருந்தீங்கதானே?"

பழைய ஆங்கில விஞ்ஞான நாவல் ஒன்றை எடுத்த படத்தைப் பற்றிய கட்டுரை. நாவலையும் புகழ்ந்து, படத்தையும் புகழ்ந்து, நடுவில் இப்படி ஒரு வரி: "இப்படம் மாத்தளையில் திரையிடப்பட்டபோது, விஞ்ஞானக் கதைகளுக்குப் பழக்கப்படாத தோட்டத் தொழிலாளர்கள் வேற்றுக்கிரகக் காட்சிகளைக் கண்டு மிரண்டு, ஆசனங்களை உடைத்துக் கலகம் விளைவித்தனர்."

இரண்டு தடவை வாசித்தேன். பிறகு மகளிடம் தாளும் பேனையும் கேட்டேன். சஞ்சிகைக்கு ஒரு கடிதம் எழுதினேன். அவர்கள் போடவில்லை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

முதலில் ஆசனம். திரைக்கு முன்னாலுள்ள மலிவு டிக்கட் பகுதியான எங்கள் கலரியில் ஆசனமே கிடையாது. சிமெந்துத் தரையில் ஆணியடித்து இறுக்கிய நீளப் பலகைகள்தான். அவற்றை உடைக்கக் கோடரி வேண்டும். அடுத்தது, அந்தப் படத்தில் மிரளுவதற்கு ஒரு மிருகமோ பூதமோ கிடையாது. முழுக்க மனிதர்கள். கட்டுரை எழுதியவர் படத்தைப் பார்த்திருந்தால் இது தெரிந்திருக்கும்.

சுதந்திரம் கிடைத்த வருடம் நான் அந்தத் தியேட்டரில் நோட்டீஸ் ஒட்டச் சேர்ந்தேன். மூன்று வருடம் ஒட்டினேன், இரண்டு வருடம் ரீல் சுற்றினேன், அதன் பிறகு மெஷின். அந்த ஐந்து வருடத்தில் கற்றதை ஐந்து நிமிடத்தில் சொல்லிவிடலாம். மெஷின் இரண்டு. ஒன்றில் ரீல் ஓடும்போது மற்றதில் அடுத்த ரீல் தயாராக இருக்கும். திரையின் வலது மேல் மூலையில் ஒரு சின்ன வட்டம் மின்னினால் இரண்டாவது மெஷினைக் கிளப்ப வேண்டும். ஏழெட்டு விநாடியில் மறுபடி மின்னினால் மாற்ற வேண்டும். சரியாக மாற்றினால் கீழே ஒருவருக்கும் தெரியாது. வெளிச்சத்துக்கு இரண்டு கரிக் குச்சிகள். அவற்றின் முனைகள் நெருங்கி எரியும். எரிய எரிய இடைவெளி கூடும். அதைக் கையால் திருகித் திருகிச் சரிசெய்துகொண்டே இருக்க வேண்டும். கவனம் பிசகினால் திரை மஞ்சளாகிப் பிறகு இருண்டுவிடும்.

இதைவிட முக்கியமான ஒன்றை எனக்குக் கலரி கற்றுத் தந்தது. ஒரு தமிழ்ப் படத்தில் ஒரு பாட்டின் நடுவில் கிழிந்த துண்டை எங்களுக்கு முன் அதை ஓட்டிய ஊர்க்காரன் வெட்டி எறிந்துவிட்டு ஒட்டி அனுப்பியிருந்தான். நான் கவனிக்கவில்லை. கலரி கவனித்தது. இரண்டு வரி இல்லை என்று பலகையில் அடித்தார்கள். அன்றிலிருந்து கலரி சத்தம் போட்டால் சனங்களைப் பார்க்காமல் மெஷினைப் பார்ப்பேன். இருபத்தெட்டு வருடத்தில் கலரி காரணமில்லாமல் சத்தம் போட்டதாக எனக்கு ஞாபகம் இல்லை.

இனி மெனேஜரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவர் பெயரை எழுதவில்லை. அவருடைய பிள்ளைகள் இதே ஊரில் இருக்கிறார்கள். வெள்ளைக் காற்சட்டை, மெல்லிய குரல். யாரையும் 'நீ' என்று கூப்பிட்டதில்லை. உத்தரவும் போட்டதில்லை. மெஷின் அறைக்கு வருவார், சுவரில் சாய்ந்து நிற்பார், "மழை வரும்போல இருக்கு, இல்லையா காதர்?" என்பார். "ஆமா சேர்" என்பேன். "ஜன்னல் திறந்திருந்தா ரீலுக்கு ஈரம் படுமோ?" என்பார். "மூடிரட்டுமா சேர்?" என்று நான் கேட்பேன். "உங்களுக்கு எப்படித் தோணுதோ" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போவார். மூடியதால் அறை சூடாகிக் கருவி கெட்டால், மூடியது காதர். அவர் வாயிலிருந்து ஒரு சொல்லும் வந்திருக்காது. இந்த முறையின் முழு அழகும் எனக்கு விளங்கியது இந்தப் படத்தில்தான்.

எங்களுக்கு வர வேண்டிய தமிழ்ப் படம் தாமதமாகியதால் ஒரு வாரத்துக்கு இந்த ஆங்கிலப் படத்தை அனுப்பினார்கள். ஆறு ரீல். கதை எளிது. வெகு தூரத்துச் சந்திரன் ஒன்றில் சுரங்கம் வெட்டப் பூமியிலிருந்து சனங்களைக் கப்பலில் கொண்டுபோகிறார்கள். மூன்று தலைமுறை அங்கேயே பிறந்து, வெட்டி, அங்கேயே புதைக்கப்படுகிறது. சுரங்கம் வற்றுகிறது. கம்பனி ஒரு கப்பலை அனுப்புகிறது. பாதிப் பேர் இருக்கலாம், பாதிப் பேர் பூமிக்குத் திரும்ப வேண்டும் என்று பெயர் வாசித்து இரண்டு வரிசையாகப் பிரிக்கிறார்கள். பூமியை அவர்களில் ஒருவரும் கண்டதில்லை.

எந்த வருடம் என்று நான் சொல்லாமலே வாசிப்பவர்களுக்கு விளங்கும். இந்தியாவும் இலங்கையும் ஒப்பந்தம் போட்டு, தோட்டத்துச் சனங்களில் இத்தனை பேர் அங்கே, இத்தனை பேர் இங்கே என்று பிரித்து, தோட்ட அலுவலகங்களான கந்தோர்களில் படிவம் நிரப்பிக்கொண்டிருந்த காலம்.

ஆங்கிலம் தெரியாதவர்களுக்குத் தமிழில் கதைச் சுருக்கம் அச்சடித்துக் கொடுப்பது எங்கள் தியேட்டர் வழக்கம். அதை எழுதித் தந்தவர் நவரத்தினம் மாஸ்டர். யாழ்ப்பாணத்துக்காரர், எங்கள் ஊர்க் கல்லூரியில் ஆங்கிலம் படிப்பித்தவர். அந்த நாவலை வருடக்கணக்காக மாணவர்களுக்கு வாசித்துக் காட்டியவர். படம் வருமுன்பே நாவலை வைத்து எழுதிக் கொடுத்துவிட்டார். நாவலில் கடைசியில் எல்லோரும் கப்பலில் ஏறிப் போகிறார்கள். நோட்டீஸிலும் அப்படியே போட்டார்.

படத்தில் அப்படி இல்லை. ஐந்தாவது ரீலில், தாய் ஒரு வரிசையிலும் மகள் ஒரு வரிசையிலும் நிற்கும்போது, சுரங்கத்தில் விளக்கேற்றுகிற ஒரு பெண் கப்பல் வாசலுக்கு முன்னால் தரையில் உட்கார்ந்துவிடுகிறாள். ஒன்றும் பேசவில்லை. பிறகு இன்னொருத்தி உட்காருகிறாள். பிறகு ஒரு கிழவன். இருபது நிமிடத்தில் அத்தனை பேரும் உட்கார்ந்துவிடுகிறார்கள். ஆறாவது ரீல் சிறியது. கப்பல் கிளம்பும், சிறிதாகும், மறையும். அவ்வளவுதான். ஐந்தாவதைப் பார்த்தவனுக்கு அது வெறுங் கப்பல். பார்க்காதவனுக்கு எல்லோரும் ஏறிப் போன கப்பல்.

முதல் நாள் காட்சி முடிந்ததும் மாஸ்டர் மெஷின் அறைக்கே ஏறி வந்தார்.

"காதர், இதென்ன அநியாயம்? புத்தகத்திலை அந்த விளக்குக்காரி ரெண்டே பக்கத்துக்குத்தான் வாறா. இவங்கள் அவளைக் கதாநாயகி ஆக்கிப்போட்டாங்கள். எல்லாரும் ஏறிப் போறதிலைதானே அந்தக் கதையின்ரை துக்கமே இருக்கு."

"நான் படத்த ஓட்டுறேன் மாஸ்டர், எடுக்கல."

"என்ரை நோட்டீசைப் பொய்யாக்கிப்போட்டாங்கள்" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனார். ஆனாலும் மறுநாளும் வந்தார். பிழைகளைக் குறித்துக்கொள்ள வருவதாகச் சொன்னார்.

சனிக்கிழமை பிற்பகல் மெட்னிக் காட்சிக்குக் கலரியில் முப்பது பேர்கூட இல்லை. படம் முடிந்து நான் ரீலைச் சுற்றிக்கொண்டிருந்தபோது ஒரு பெண் மெஷின் அறைப் படிக்குக் கீழே நின்று கூப்பிட்டாள். பெயர் மாரியாயி. பலாபத்வலைப் பக்கத்து ரப்பர் தோட்டம் ஒன்றில் பால் வெட்டுகிறவள். புருஷனோடு சந்தைக்கு வந்தவள், மழைக்கு ஒதுங்கித் தியேட்டருக்குள் வந்திருக்கிறாள்.

"ஏங்க நானா, அந்தக் கப்பலு காலியாத்தானே போச்சு? ஒருத்தரும் ஏறலயே?"

"ஒருத்தரும் ஏறல."

"நோட்டீசுல ஏறிட்டாங்கன்னு போட்டிருக்குன்னு இவரு படிச்சிச் சொல்றாரு."

"நோட்டீஸ் பிழை. நீங்க கண்டதுதான் சரி."

அவள் ஒரு படி ஏறி வந்தாள். "எங்க ஆத்தாவுக்கு இந்தியா போவச் சொல்லிக் கடுதாசி வந்திருக்குங்க. தம்பிமாரு ரெண்டு பேருக்கும் வந்திருக்கு. நானு இவரோட இங்க. ஆத்தா பொறந்தது இந்தத் தோட்டத்துலதான். கிளாக்கரு கைநாட்டு வைக்கச் சொன்னாரு, வச்சிருச்சு. மாட்டேன்னு சொல்லலாம்னே அதுக்குத் தெரியல. இந்தப் படம் எத்தன நாளைக்கு ஓடும்?"

வியாழன் வரை என்றேன்.

அடுத்த நாளிலிருந்து கலரி நிறையத் தொடங்கியது. தோட்டங்களிலிருந்து நடந்தும் பஸ்ஸிலும் வந்தார்கள். ஆங்கிலப் படத்துக்கு அப்படி ஒரு கூட்டம் நான் கண்டதில்லை. விசில் இல்லை, கூச்சல் இல்லை. ஐந்தாவது ரீல் ஓடும்போது மெஷின் சத்தத்தைத் தவிர எனக்கு வேறொன்றும் கேட்காது. தியேட்டர் காலியாகிவிட்டதோ என்று மெஷின் அறைச் சுவரின் துவாரத்தால் எட்டிப் பார்ப்பேன். எல்லோரும் இருப்பார்கள். இதைத்தான் அந்தக் கட்டுரைக்காரர் மிரட்சி என்கிறார்.

திங்கட்கிழமை காலையில் ஒரு தோட்டத்துத் துரையின் கார் தியேட்டர் வாசலில் நின்றது. ஏன் வந்தார் என்று பின்னால்தான் தெரிந்தது. அன்று காலை, படம் பார்த்த மூன்று பெண்கள் அவருடைய கந்தோருக்குப் போய், கொடுத்த படிவத்தைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டிருக்கிறார்கள்.

கார் போன பிறகு மெனேஜர் மேலே வந்தார். சுவரில் சாய்ந்தார்.

"மெட்னி முடிய நேரமாகுது, இல்லையா காதர்? அடுத்த காட்சிக்கு வர்ற ஆளுங்க தினமும் மழையில நிக்க வேண்டியிருக்கு."

"ஆமா சேர். படம் நீளம்."

"நீளம்தான். அஞ்சாவது ரீல்ல பேச்சும் இல்ல. எல்லாரும் உக்காந்திருக்காங்க. உங்களுக்குச் சலிப்பா இல்லயா?"

நான் ரீலைத் துடைத்துக்கொண்டே இருந்தேன். அவர் போகவில்லை. சுவரில் சாய்ந்தபடி என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு அப்போது மூன்று பிள்ளைகள். மூத்தவளுக்குக் கலியாணம் பேசிக்கொண்டிருந்தோம். அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் நானே சொன்னேன்.

"நாளைக்கு அத விட்டுட்டு ஓட்டட்டுமா சேர்?"

"உங்களுக்கு எப்படித் தோணுதோ" என்றார்.

செவ்வாய்க்கிழமை விடியற்காலையிலிருந்து மழை. மழை பெய்தால் ரப்பரில் பால் வெட்டு இல்லை. மெட்னிக்கு மாரியாயி வந்தாள், தனியாக இல்லை. ஒரு லயத்து வரிசை வீடுகளின் சனமே வந்திருந்தது. நாற்பது பேருக்குக் குறையாது. நடுவில் வெள்ளைச் சேலை உடுத்த ஒரு மெலிந்த முதியவள். அவளைக் கையில் பிடித்து மாரியாயி கலரியின் முன் பலகையில் உட்கார வைத்ததை நான் துவாரத்தால் பார்த்தேன். அதுதான் ஆத்தா என்று விளங்கியது.

விளங்கியும் நான் என்ன செய்தேன் என்பதை எழுதத்தான் வேண்டும். நான்காவது ரீல் ஓடிக்கொண்டிருக்கும்போது மற்ற மெஷினில் ஆறாவது ரீலை மாட்டினேன். முதல் வட்டம் மின்னியது. கிளப்பினேன். இரண்டாவது மின்னியது. மாற்றினேன். தாயும் மகளும் வேறு வேறு வரிசையில் நிற்கிறார்கள், அடுத்த கணம் கப்பல் கிளம்புகிறது. ஒட்டு வெட்டுத் தெரியாத சுத்தமான மாற்றம். என் கை ஒரு கணமும் பிசகவில்லை. அதை நினைத்தால் இன்றும் எனக்கு என்மேல்தான் ஆத்திரம் வருகிறது.

கப்பல் மறைந்தது. விளக்குப் போட்டார்கள். பிறகு ஆத்தாவின் குரல். கலரி முன் பலகையில் பேசினாலும் எங்கள் தியேட்டரில் மேலே கேட்கும்.

"எல்லாரும் ஏறித்தான் போறாங்க, பாத்தியா மாரி. நீ என்னமோ ஒக்காந்துட்டாங்கன்னு சொன்ன."

பின்னாலிருந்து ஓர் ஆண் குரல்: "நோட்டீசுலயும் அப்படித்தான போட்டிருக்கு. இதுக்குத்தான் இந்த மழையில எங்கள இழுத்துக்கிட்டு வந்தியா?"

மாரியாயி எழுந்து பலகைமேல் ஏறி நின்றாள். எங்கள் துவாரத்தை நேரே பார்த்தாள்.

"படத்த வெட்டிட்டாங்க. நான் பொய் சொல்லல. நடுவுல இருந்தத எடுத்துட்டாங்க. நானா, சொல்லுங்க நானா."

முந்திய நாட்களில் பார்த்தவர்களும் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களும் எழுந்தார்கள். "ஆமா, எடுத்துட்டாங்க" என்று பலகையில் கையால் அடிக்கத் தொடங்கினார்கள். இதுதான் அந்தக் 'கலகம்'. கையால் பலகையில் அடித்தது. கதவை அடைத்து நிற்கவில்லை, ஒன்றையும் எறியவில்லை. பார்க்க வந்ததைக் காட்டச் சொன்னார்கள்.

மெனேஜர் மேலே ஓடி வந்தார். அவர் ஓடி நான் பார்த்தது அன்றுதான்.

"பொலிசுக்குச் சொல்லியாச்சு. பாருங்க காதர், நீங்க செஞ்ச வேலைக்கு என்ன ஆச்சுன்னு. ரீல் பழுதாயிருச்சுன்னு சொல்லிருங்க. நீங்க பழுதுன்னு விட்டுட்டீங்க, அவ்வளவுதான்."

பெல்கனியிலிருந்து நவரத்தினம் மாஸ்டரும் அதே படியால் வந்துகொண்டிருந்தார். மெனேஜர் அவரைக் கண்டதும் கையில் இருந்த நோட்டீசை நீட்டினார். "மாஸ்டரே எழுதியிருக்காரு. எல்லாரும் கப்பல்ல ஏறிப் போறாங்க. இன்னைக்குக் காட்டினதும் அதுதானே. என்ன குறை?"

மாஸ்டர் நோட்டீசை வாங்கவில்லை. "அது புத்தகம். நான் எழுதினது புத்தகத்தை. படத்திலை ஒரு ரீல் இருந்தது. எனக்குப் பிடிக்காத ரீல்தான், ஆனா அது இருந்தது. பொலிஸ் வந்தா நான் அதைத்தான் சொல்லுவன்."

எனக்கு அதற்குமேல் பொறுக்க முடியவில்லை. அந்தப் படத்தை வெறுத்த மனுஷர் அப்படிச் சொல்லும்போது, அதை ஓட்டுகிற நான் பழுது என்று சொல்வதா? தகரப் பெட்டியைத் திறந்து ஐந்தாவது ரீலை எடுத்தேன்.

"என்ன செய்யப் போறீங்க?" என்றார் மெனேஜர்.

"உங்களுக்கு எப்படித் தோணுது சேர்?" என்றேன்.

அவர் ஒன்றும் சொல்லவில்லை. சொல்லிப் பழக்கமில்லை. ரீலை மாட்டி, பல்சக்கரங்களில் படச்சுருளின் ஓரத் துளைகளைப் பொருத்தி, புதுக் கரிக் குச்சி போட்டு வெளிச்சத்தைப் பற்ற வைத்தேன். துவாரத்தால் கீழே பார்த்துச் சத்தமாகச் சொன்னேன்: "அஞ்சாவது ரீல நான்தான் விட்டேன். இப்ப காட்டுறேன். உக்காருங்க." உட்கார்ந்தார்கள். கலரியில் டிக்கட் கிழிக்கிற வாசல்காரர் விளக்கை அணைத்தார். அவரை அணைக்கச் சொல்ல எனக்கு அதிகாரம் இல்லை. அவராகவே அணைத்தார்.

பொலிஸ் வந்தபோது அந்த விளக்குக்காரி உட்கார்ந்துகொண்டிருந்தாள். ஒரு சார்ஜனும் இரண்டு கான்ஸ்டபிள்களும். நான் கண்ணை மெஷினில் வைத்திருந்தேன், கீழே நடந்ததை வாசல்காரர் பின்னால் சொன்னார். சார்ஜன் கலரி வாசலில் நின்று உள்ளே பார்த்தாராம். இருநூறு பேர் மூச்சுக் காட்டாமல் படம் பார்க்கிறார்கள். மெனேஜரிடம் திரும்பி, "கலபலே கோ?" என்று கேட்டாராம். கலகம் எங்கே என்று சிங்களத்தில். மெனேஜருக்குக் காட்ட ஒன்றும் இல்லை. சார்ஜன் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு ரீல் முடியும்வரை அங்கேயே நின்றாராம்.

பிறகு ஆறாவது ரீலையும் திரும்ப ஓட்டினேன். கப்பல் வெறுமையாகப் போனது. ஆத்தா எழுந்திருக்கவில்லை. மாரியாயியின் தோளைப் பிடித்துக்கொண்டு வெகு நேரம் வெள்ளைத் திரையைப் பார்த்தபடியே இருந்தாள்.

ஆனால் படக் கம்பனிக்கு மெனேஜர் கடிதம் எழுதினார். தோட்டத்து ஆட்கள் படம் விளங்காமல் மிரண்டு கலகம் செய்தார்கள், ஆசனங்கள் சேதம், ஒப்பரேட்டர் பதற்றத்தில் ரீலை மாற்றிப் போட்டுவிட்டார், ஆகவே மீதி நாட்களை ரத்துச் செய்கிறோம் என்று. புதன்கிழமை பெட்டிகள் ரயிலேறின. என்னை வேலையிலிருந்து நிறுத்தினார்கள். இரண்டு மாதம் வீட்டில் இருந்தேன். மூத்தவள் கலியாணம் தள்ளிப் போனது. தீபாவளிப் படத்துக்கு மெஷின் ஓட்ட ஆள் சரிவராமல் என்னைத் திரும்பக் கூப்பிட்டார்கள். அந்தக் கடிதம் எத்தனையோ மேசை ஏறி இறங்கி, இன்று ஒருவருடைய கட்டுரையில் சரித்திரமாக உட்கார்ந்திருக்கிறது. ஒரு பொய்க்குக் கடிதத் தாள் கிடைத்துவிட்டால் போதும். இருநூறு பேர் கண்ணால் கண்டது கணக்கில்லை.

மாரியாயியை நான் மறுபடி கண்டது அடுத்த வருடம், மாத்தளை ரயில் நிலையத்தில். படப் பெட்டி எடுக்கப் போயிருந்தேன். அவள் பிளாட்போமில் தனியாக நின்றாள். ரயில் அப்போதுதான் புறப்பட்டுப் போயிருந்தது.

"ஆத்தாவும் தம்பிமாரும் போயிட்டாங்க நானா."

"அந்தப் படத்த பாத்துமா?" என்று கேட்டுவிட்டேன்.

"கந்தோருல போயி மாட்டேன்னு சொல்லுச்சுங்க. மூணு தடவ சொல்லுச்சு. குடியிருந்த லயத்துக் காம்பராவ விடச் சொல்லிட்டாங்க, தம்பிமாருக்கு வேலயும் குடுக்கல. என்ன செய்யிறது. அழுதுகிட்டே ஏறுச்சு."

"நான் காட்டாம விட்டிருந்தா அழாமயாவது போயிருக்கும்" என்றேன். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னேன்.

அவள் முகம் மாறியது. அன்று பலகைமேல் நின்று என்னைப் பார்த்தபோதுகூட அவ்வளவு கோபம் இல்லை.

"அது என்னங்க பேச்சு? ஒண்ணுந் தெரியாம சிரிச்சுக்கிட்டு ஏறணுமா எங்காத்தா? தள்ளித்தான் ஏத்துறாங்கன்னு தெரிஞ்சுக்கிட்டுத்தான் போவுது. அந்தக் கோவமாவது அதுக்குச் சொந்தமா இருக்கட்டும்."

சொல்லிவிட்டு முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு பஸ் தரிப்பிடத்துப் பக்கமாக நடந்தாள்.